மலையை நகர்த்த ஒரு மாப்பிள்ளை

நெய்தலூரை ஆண்ட தென்னவராயருக்கு ஒரே ஒரு குறை. அரண்மனைக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மலை நின்று காற்றை மறைத்தது. மத்தியானத்தில் அவரால் கண்ணயர முடியவில்லை. விசிறி வீசுகிறவர்கள்தான் தூங்கினார்கள்.

ஒருநாள் சபைக்கு வந்த சீன வணிகர் ஒருவர் தம் நாட்டுப் பழங்கதை சொன்னார். வாசலை மறைத்த மலையை ஒரு கிழவர் வெட்டிக் கூடையில் அள்ளினாராம். ஊரே சிரித்ததாம். "எனக்குப் பிறகு என் மகன் வெட்டுவான், அவனுக்குப் பிறகு பேரன். மலை என்ன வளரவா போகிறது?" என்றாராம் கிழவர். அந்த விடாமுயற்சியைக் கண்டு தெய்வமே மலையை அப்புறப்படுத்தியதாம்.

"கூழாங்கல் போட்டே கடலைத் தூர்க்கப் பார்க்கும் பறவையைக்கூட எங்கள் கவிஞர்கள் பாடுவார்கள்" என்றார் வணிகர்.

அரசர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நம் மலையையும் நகர்த்துவோம். அந்தக் கதையில் உள்ளபடியே, ஒன்று குறையாமல். யார் பொறுப்பு?"

"அம்பலவாணன்தான், அரசே. பொறுமைசாலி" என்றார் அமைச்சர் விழுப்பரையர்.

சபையில் ஓலை எழுதும் அம்பலவாணனுக்கு விஷயம் புரிந்தது. அமைச்சரின் மகள் உமையாளும் அவனும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். போன மாதம்தான் அவன் பெண் கேட்டுப் போய், வாசலோடு திரும்பியிருந்தான்.

"வேலைக்குக் குறுக்கே நிற்பவனை நாடு கடத்துவேன்" என்று ஆணையை முடித்தார் அரசர்.

மறுநாள் அம்பலவாணன் கடப்பாரையால் மூன்று குத்து குத்தினான். ஒரு சல்லி பெயர்ந்து அவன் கால் விரலிலேயே விழுந்தது. பார்க்க வந்திருந்த உமையாள் கேட்டாள்.

"இப்படியே போனால் எத்தனை தலைமுறை ஆகும்?"

"பத்துத் தலைமுறையாவது ஆகும்."

"உங்களிடம் எத்தனை இருக்கிறது?"

அவன் கடப்பாரையைக் கீழே வைத்தான். இருவரும் நேரே சபைக்குப் போனார்கள்.

"வேலை நின்றுவிட்டது, அரசே. ஒன்று குறைகிறது" என்றான் அம்பலவாணன்.

"என்ன, மண்வெட்டியா?"

"இல்லை. பேரன்."

அரசர் வணிகரைப் பார்த்தார். "பேரன் இல்லாமல் கதையே இல்லை" என்றார் வணிகர்.

"அப்படியானால் கல்யாணம் செய்துகொள்."

"நான் தயார். ஒருவர்தான் குறுக்கே நிற்கிறார்."

சபை முழுவதும் விழுப்பரையரைப் பார்த்தது. அவருக்கு வேர்த்தது. "பெண்ணின் சம்மதம் வேண்டாமா?" என்றார்.

"நாட்டுக்காகச் சம்மதிக்கிறேன், அப்பா" என்றாள் உமையாள், முகத்தைச் சிரமப்பட்டு வாட்டமாக வைத்துக்கொண்டு.

"சரி, கல்யாணம் முடிந்த மறுநாளே வெட்டத் தொடங்கு" என்றார் அரசர்.

அம்பலவாணன் வணிகரிடம் திரும்பினான். "ஐயா, அந்தக் கிழவர் மலையில் கை வைத்தபோது என்ன வயது?"

"தொண்ணூறு."

"எனக்கு இருபத்தெட்டு. அவசரப்பட்டுக் கடப்பாரையை எடுத்தது என் தவறு, அரசே. கதையில் உள்ளபடி இன்னும் அறுபத்திரண்டு வருஷம் இருக்கிறது."

"அதுவரை நான் தூங்காமல் கிடப்பதா?"

"மலைதான் நகராது. கட்டில் நகருமே. உச்சியில் போட்டுப் படுத்தால் கடற்காற்று அத்தனையும் உங்களுக்குத்தான்."

அரசர் கிரீடம் சரியச் சரியச் சிரித்தார். கல்யாணச் செலவை அரண்மனையே ஏற்றது.

அன்று மத்தியானம் நான்கு பேர் கட்டிலைத் தூக்கிக்கொண்டு மலையேறினார்கள். முன்னங்கால் ஒன்று விழுப்பரையர் தோளில் இருந்தது. அவரும் பொறுமைசாலிதான் என்று மாப்பிள்ளை சிபாரிசு செய்திருந்தான்.