மழையில் தவளை கேட்கும் கேள்வி

அந்தக் காலத்தில் மழை பெய்தால் தவளைகள் வாயே திறக்காது. ஊரைக் கூட்டுகிற இதுகளா என்று கேட்பீர்கள். இதுகளேதான்.

அப்போது காட்டில் எல்லோருக்கும் பேச்சு இருந்தது. ஒரு மலையடிவாரத்தில், ஓடைக்கரையில், மானும் பன்றியும் முயலும் குடும்பம் குட்டியோடு வாழ்ந்தன. அந்த மலைக்கு ஒரு கெட்ட குணம். அடைமழை பிடித்தால் மண்ணும் பாறையும் மரமுமாகக் குழைந்து, ஓடை வழியாகவே இறங்கி வந்துவிடும். அது வருகிற வேகத்துக்கு, கண்ணால் பார்த்தபிறகு ஓடினால் பிழைக்க முடியாது. அதனால் ஓடை பிறக்கும் உச்சியில் சடையாண்டி என்ற தவளையைக் காவல் வைத்திருந்தார்கள். தரையில் வயிற்றை ஒட்டிப் படுத்தால் மலைக்குள்ளே கல் புரள்வதுகூட அவனுக்குத் தெரியும்.

சடையாண்டி கொஞ்சம் பயந்தாங்கொள்ளி. போன மழைக்காலத்தில் ஒன்றுமில்லாததற்கெல்லாம் கத்திவிட்டான். குட்டிகளை இழுத்துக்கொண்டு மேட்டுக்கு ஓடி, நனைந்து நடுங்கித் திரும்பியவர்களுக்கு எரிச்சல். ஊர்த்தலைவர் கொம்பையா என்ற கடமான், இனிமேல் மலை நிஜமாகவே இறங்கினால் மட்டும் கத்து, மற்ற நேரம் மூச்சு விடாதே என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மற்றத் தவளைகளும் மழையில் வாய் திறக்கக் கூடாது என்று ஊர்க்கட்டுப்பாடு. சத்தம் இல்லையென்றால் ஆபத்து இல்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

சடையாண்டியின் மனைவி பாசியம்மாவுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. அவள் இருந்தது ஓடையின் நடுவழியில், ஒரு பாறைக்குழியில். அன்று விடிந்ததிலிருந்து விடாத மழை. ஓடை செம்மண்ணாக ஓடியது. உச்சியில் சத்தமே இல்லை. அவர் சும்மா இருக்கிறாரா, இல்லாமலே போய்விட்டாரா? இரண்டுக்கும் ஒரே அமைதிதானே! மண் புரண்டால் முதலில் புதைகிறவன் உச்சியில் இருப்பவன்தான். அவன் எங்கே கத்துவது? கீழே இறங்கிப் போய்க் கொம்பையாவிடம் சொன்னாள். அவர் அசைபோட்டபடியே, புருஷன் ஞாபகம் வந்துவிட்டதா என்று கேலி பண்ணி அனுப்பினார்.

மத்தியானத்துக்குமேல் அவளால் பொறுக்க முடியவில்லை. ஊர்க்கட்டுப்பாடாவது ஒன்றாவது! தொண்டை புடைக்கக் கூப்பிட்டாள்.

"என்னங்க, இருக்கீங்களா?"

மழைச் சத்தம்தான் கேட்டது. மறுபடியும் கூப்பிட்டாள். எங்கோ மேலேயிருந்து, திட்டு வாங்கப் பயந்த குரலில் பதில் வந்தது.

"இருக்கேன்."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்து என்ன? இந்த நிமிடம்வரைதானே இருக்கிறார், அடுத்த நிமிடம்? திரும்பவும் கேட்டாள். திரும்பவும் பதில் வந்தது. இப்படியே கேட்டதும் சொன்னதுமாகப் பொழுது போயிற்று. இரைச்சல் தாங்காமல் கொம்பையாவே ஏறி வந்து, வாயை மூடு என்று அதட்டினார்.

"நான் கத்திக்கிட்டு இருக்கிற வரைக்கும் நிம்மதியா இருங்கண்ணே. நான் நிறுத்திட்டா குட்டிகளைக் கூட்டிக்கிட்டு ஓடுங்க" என்றாள் பாசியம்மா. அவர் முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனார்.

வெளிச்சம் மங்கும் நேரம். அவள் கேட்டாள். பதில் வரவில்லை.

தொண்டை கட்டியிருக்கும் என்று நினைத்தாள். வாய் நிறையப் பூச்சி வைத்திருப்பார் என்று நினைத்தாள். இன்னொரு தடவை கூப்பிட வாயெடுத்தாள். கூப்பிட்டால் ஒருவேளை பதில் வரும். ஆனால் அவள் குரல் கேட்டுக்கொண்டிருக்கிறவரை கீழே ஒருத்தரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

பாசியம்மா வாயை இறுக்க மூடிக்கொண்டாள். அழுகையையும் கூப்பாட்டையும் சேர்த்து விழுங்கிக்கொண்டு கரைமேட்டில் தாவி ஏறினாள்.

கீழே சட்டென்று அமைதி. அவ்வளவு நேரம் எரிச்சலூட்டிய சத்தம் நின்றதும் கொம்பையாவுக்கு அவள் சொன்னது உறைத்தது. யாரையும் எதுவும் கேட்கவில்லை. குட்டிகளை முட்டித் தள்ளிக்கொண்டு மேட்டுக்கு ஓடினார். மற்றவர்களும் பின்னாலேயே ஓடினார்கள். கடைசி முயல் மேடேறியபோது மலை இறங்கியது. அவர்கள் படுத்திருந்த இடத்தில் பாறைகளும் வேரோடு பிடுங்கிய மரங்களும் சேற்றில் உருண்டு போயின.

எல்லாம் ஓய்ந்ததும் பாசியம்மா உச்சியைப் பார்த்து உட்கார்ந்து, "என்னங்க, இருக்கீங்களா?" என்று கேட்டாள். யாரும் அவளை அதட்டவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தாள். அதைத் தாங்க முடியாமல், அக்கரையிலிருந்து முன்பின் தெரியாத ஒரு தவளை "இருக்கேன்" என்றது. அது அவர் குரல் இல்லை என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் இன்னொரு தடவை கேட்டாள். இந்த முறை வேறு சில குரல்களும் சேர்ந்து சொல்லின.

அன்று முதல்தான் மழை பிடித்தால் தவளைகள் ஓயாமல் ஒன்றையொன்று கேட்டுக்கொள்கின்றன. தரை கொஞ்சம் அதிர்ந்தால், அது நம் காலடியே ஆனாலும், அத்தனையும் கப்பென்று அடங்கிவிடும். அந்த அமைதி நீண்டால், ஏதாவது ஒரு தவளை பொறுக்க மாட்டாமல் முதலில் கேட்டுவிடும்.