கழுத்தைத் திருப்பிய அன்னம்

காவிரிக்கு இக்கரையில் வில்லவராயர் என்ற சிற்றரசரின் அரண்மனை. நேர் எதிரே அக்கரையில் பெருமாள் கோயில். ஆடிப்பெருக்கன்று ராசா அரண்மனைத் துறையில் படகேறி, ஆற்றைக் கடந்து சாமி கும்பிட வேண்டும். படகின் முகப்பில் உள்ள மர அன்னம் கடைசிவரை நேர் எதிரே, கோயில் திசையையே பார்த்தபடி போக வேண்டும். வழிவழியாக வந்த முறை அது.

அன்னம் கோயிலைப் பார்க்கும், சரி. பெருக்கெடுத்த ஆறு சும்மா இருக்குமா? படகைக் கீழே தள்ளிக்கொண்டு போய்விடும். பாவம், ராசா ஆண்டுதோறும் இறங்கியது சலவைத் துறையில், கழுதைகளுக்கு நடுவே. பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் நடப்பார்.

இந்த ஆண்டு அவர் பொறுமை இழந்துவிட்டார். விதூஷகன் நம்பிக்கூத்தனைத் தொலைத்துக்கட்டக் காத்திருந்த அமைச்சர் சேந்தமாராயருக்கு வாய்ப்புக் கிடைத்தது.

"நம்பிக்கூத்தனிடம் விடுங்கள், மன்னா. முறையும் தவறக் கூடாது, படகும் கோயில் படியில் நிற்க வேண்டும். முடியாவிட்டால் ஊரைவிட்டுப் போகட்டும்."

ராசா தலையாட்டிவிட்டார். நம்பிக்கூத்தன் யோசித்தான். படகின் முகப்பை நீரோட்டத்துக்கு எதிராகச் சாய்த்து வலித்தால் நேரே போய்ச் சேரலாம். ஓடம் ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் சாய்த்தால் அன்னத்தின் பார்வை கோயிலைவிட்டு விலகிவிடுமே.

அவன் சும்மா இருக்கவில்லை. ஓடக்காரர்களோடு ஆற்றில் இறங்கினான். எவ்வளவு சாய்த்தால் ஆறு கீழே இழுப்பதும் துடுப்பு மேலே இழுப்பதும் சரிக்குச் சரியாகும் என்று பார்த்துக்கொண்டான். பிறகு தச்சரைக் கூப்பிட்டு ஏதோ சொன்னான்.

ஆடிப்பெருக்கு வந்தது. ராசாவை ஏற்றிய படகு, நீர் வரும் மேற்குப் பக்கமாக முகப்பைச் சாய்த்தபடி கிளம்பியது. கூடவே இருந்த சேந்தமாராயருக்கு ஒரே சந்தோஷம்.

"படகு கோணலாகப் போகிறது, மன்னா. அபசாரம்."

"அன்னத்தைப் பாருங்கள், அமைச்சரே," என்றான் நம்பிக்கூத்தன்.

பார்த்தார்கள். தச்சர் அன்னத்தின் கழுத்தை அறுத்து, ஒருபக்கமாகத் திருப்பிப் பொருத்தியிருந்தார். அலகு நேராகக் கோபுரத்தைக் காட்டியது.

"முறை அன்னத்துக்குத்தானே? படகு எங்கே பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையே."

படகு கோயில் படியில் போய் இடித்து நின்றது. கால் நனையாமல் இறங்கிய ராசா கேட்டார்: "நம்பி, இந்த யோசனை உனக்கு எப்படி வந்தது?"

"எல்லாம் அமைச்சரைப் பார்த்துத்தான், மன்னா. சபையில் அவர் எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும், கண் மட்டும் உங்கள் சிம்மாசனத்தைவிட்டு நகராது."

ராசா வயிறு குலுங்கச் சிரித்தார். அவருடைய முத்துமாலை நம்பிக்கூத்தன் கழுத்துக்கு வந்தது. சேந்தமாராயர் அதன்பின் சபையில் தரையைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை.