மூன்று முறை படித்த நாவல்

மூன்று முறை படித்தவர் கண்ணில் ஒருமுறைகூடப் படாதது எது? யோசித்துக்கொண்டே கேளுங்கள்.

சென்னையில் ஒளிந்து வாழும் மாயாவிகளையும் அவர்களைத் துரத்தும் வேட்டைக்காரர்களையும் பற்றி ஒரு நாவல். வீடியோ கேம் ஒன்றிலிருந்து பிறந்தது. அதை நூலகத்தின் சிறுவர் பகுதியில் வைக்கலாமா என்று தீர்ப்புச் சொல்ல வந்தார் பேராசிரியர் கோதண்டபாணி.

"மூன்று முறை படித்தேன். குப்பை! தூக்கி எறியுங்கள்!"

அந்த நாவலுக்காகவே காத்திருந்த சிறுமி ஆயிஷாவின் முகம் சுருங்கியது.

புத்தகம் அடுக்கும் செல்லக்கனி, பேராசிரியர் கையிலிருந்த பிரதியைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். "சரிதாங்கய்யா. நாற்பதாம் பக்கத்துல வேட்டைக்காரி மின்சார ரயில்ல துரத்துறாளே, அதுவுமா குப்பை?"

"அதுதான் படுமோசம்!"

"கொஞ்சம் திறந்து காட்டுங்கய்யா."

திறந்தார். முப்பத்து மூன்றிலிருந்து நாற்பத்தெட்டு வரை வெறும் வெள்ளைத் தாள்.

"அச்சகத்துக்குத் திருப்பி அனுப்பக் கட்டி வச்ச பிரதிங்கய்யா. நீங்களே உருவிக்கிட்டுப் போனீங்க. கூப்பிட்டேன், காதுல வாங்கலை."

பேராசிரியர் கைக்குட்டையைத் தேடினார். நூலகர் நாவலின் நல்ல பிரதியையும் பேராசிரியர் எழுதிய நீதிக்கதை நூலையும் ஆயிஷா முன் வைத்து, "எது வேண்டும், நீயே சொல்லம்மா" என்றார்.

ஆயிஷா நாவலை எடுத்துக்கொண்டாள். முதலில் முப்பத்து மூன்றாம் பக்கத்தைத் திறந்தாள்.