குப்பை என்று இரண்டு குஞ்சுகள்

அந்தக் காலத்தில் ஆலாப் பறவைகள் தங்கள் குஞ்சுகளுக்குப் பேர் வைத்தன. கடலுக்கு நடுவே மணல்திட்டில் முட்டையிடும் பறவைகள் அவை. குஞ்சு பொரித்ததும் தாய் மீன் தேடிப் போயே ஆக வேண்டும். மேலேயோ பருந்து வட்டமிடும். அதனால் திட்டில் இருந்த நண்டிடம் குஞ்சைக் கொடுத்து, பேரைச் சொல்லிவிட்டுப் பறக்கும்.

நண்டு ஒவ்வொரு பேருக்கும் ஒரு வளை தோண்டி வைத்திருந்தது. திட்டு முழுக்க வளைகள்தாம். ஆனாலும் அது எதையும் தேடியதே இல்லை. தாய் திரும்பி வந்து பேரைச் சொன்னால் போதும், நண்டின் கால்கள் நேரே அந்த வளைக்கு ஓடும். "தேடுவதெல்லாம் வேலை தெரியாதவன் செய்வது" என்று பீற்றிக்கொள்ளும். பேர் நண்டுக்கும் தாய்க்கும் இடையில்தான். குஞ்சுக்கு யாரும் சொல்லவில்லை. அதற்கு எதற்கு என்று விட்டுவிட்டன.

அந்த வருஷம் திட்டில் குஞ்சுகள் அதிகம் தங்கவில்லை. வெள்ளச்சி என்ற ஆலாவுக்குப் பொரித்ததெல்லாம் செத்துப்போய், கடைசியில் ஒன்று பிழைத்தது. அழகாகப் பேர் வைத்தால் எதன் கண்ணாவது பட்டுவிடுமோ என்று தாய்க்கு நடுக்கம்.

"பேர் என்ன தாயி?" என்றது நண்டு.

"குப்பை."

"நல்ல பேர்தான் போ. அடுத்ததற்குச் சாணி என்று வைப்பாயா?"

"சிரிக்காதே அண்ணே. குப்பையை யாரும் தூக்கிக்கொண்டு போக மாட்டார்கள். இது இருந்தால் போதும் எனக்கு."

வெள்ளச்சி பறந்துபோனது. சற்று நேரத்தில் கொண்டைக்காரி என்ற இன்னொரு ஆலா வந்தது. அதற்கும் தங்கியது ஒன்றே ஒன்று. அதே பயம், அதே யோசனை. "குப்பை என்று வைத்திருக்கிறேன் அண்ணே, பத்திரம்" என்று சொல்லிக் குஞ்சை இறக்கிவிட்டுப் போனது.

நண்டு குப்பை வளைக்கு ஓடியது. உள்ளே ஏற்கெனவே ஒரு குஞ்சு இருந்தது. ஒரு பேருக்கு ஒரு வளை, ஒரு வளைக்கு ஒரு குஞ்சு. அதுதான் அதன் வழக்கம். புதியது உள்ளே போக வேண்டுமென்றால் பழையது வெளியே வந்தாக வேண்டும். கொஞ்சம் நின்று யோசித்திருக்கலாம். ஆனால் அடுத்த தாய், "சீக்கிரம் அண்ணே, மீன் கலைந்துவிடப் போகிறது" என்று கத்திக்கொண்டிருந்தது. நண்டு பழைய குஞ்சை எடுத்து, கண்ணில் பட்ட ஒரு காலி வளையில் இறக்கியது. புதியதைக் குப்பை வளையில் வைத்துவிட்டு, அடுத்த குஞ்சை வாங்க ஓடியது.

மதியத்துக்கு மேல் மேற்கேயிருந்து கச்சான் காற்று மூர்க்கமாக வீசத் தொடங்கியது. கடல் கறுத்துத் திட்டின் விளிம்புவரை ஏறிவிட்டது. தாய்கள் அலறிக்கொண்டு திரும்பின. பேரைச் சொல்லச் சொல்ல நண்டு ஓடி ஓடி எடுத்துக் கொடுத்தது.

"குப்பை, அண்ணே! சீக்கிரம்!" என்று வந்து இறங்கியது வெள்ளச்சி.

நண்டு கொண்டுவந்து நிறுத்திய குஞ்சை அது ஒரு பார்வைதான் பார்த்தது. "இது என் பிள்ளை இல்லை."

"என்ன பேர் சொன்னாய்?"

"குப்பை."

"இதுதான் குப்பை. தூக்கிக்கொண்டு கிளம்பு."

"பெற்றவளுக்குத் தெரியாதா? என் பிள்ளை எங்கே?"

அதற்குள் கொண்டைக்காரி பாய்ந்து வந்து, "ஐயோ, இது என்னுடையது!" என்று அந்தக் குஞ்சைச் சிறகுக்குள் அணைத்துக்கொண்டது. நண்டுக்கு அப்போதுதான் புரிந்தது.

"அப்படியானால் உன்னுடையதை... வேறு வளையில் வைத்தேன், தாயி."

"எந்த வளை?"

"அதற்குப் பேர் இல்லையே."

"வைத்த உனக்கே தெரியாதா?"

"பேரைச் சொன்னால் கால் போகும். பேர் இல்லாவிட்டால் எனக்கு ஒன்றுமே தெரியாது" என்றது நண்டு.

முதல் அலை திட்டின்மேல் ஏறி வழிந்தது. ஓரத்து வளைகள் மூடிக்கொண்டன. நண்டு தன் வாழ்நாளில் முதன்முறையாகத் தேடியது. ஒரு வளைக்குள் எட்டிப் பார்த்து, இல்லையென்று அடுத்ததற்கு ஓடி, பார்த்ததையே மறுபடியும் பார்த்தது. வெள்ளச்சி, "குப்பை! குப்பை!" என்று காற்றுக்கு எதிராகக் கூவிக்கொண்டே தாழப் பறந்தது. எங்கிருந்தும் பதில் இல்லை.

"அடியே, அது நண்டுக்குச் சொன்ன பேரடி!" என்று கத்தியது கொண்டைக்காரி. "உன் பிள்ளைக்கு அந்தப் பேர் எப்படித் தெரியும்?"

வெள்ளச்சிக்கு அதற்குமேல் சொல் எதுவும் வரவில்லை. அடைகாத்தபோது முட்டையின்மேல் குனிந்து தன்னை அறியாமல் எழுப்பிய கரகரத்த கத்தல் ஒன்றுதான் தொண்டையில் மிச்சமிருந்தது. கத்தியது. காற்று இரைந்தது. இன்னொரு முறை கத்தியது.

நனைந்த மணலுக்கு அடியிலிருந்து, நூல் இழை மாதிரி ஒரு குரல் பதில் சொன்னது.

நண்டு கொடுக்கால் மணலை வாரிப் போட்டது. தாய்கள் இரண்டும் அலகால் கிளறின. அடுத்த அலை வந்து சேர்வதற்குள், வாயெல்லாம் மணலாக, குஞ்சு வெளியே வந்து இருமியது. வெள்ளச்சி அதன் பேரைச் சொல்லவில்லை. பிறகு ஒருபோதும் சொல்லவில்லை.

ஆலாக்கள் பேர் வைப்பதை விட்டது அன்றுதான். இன்றும் குஞ்சுகளை வெட்டவெளியில் ஒரே கூட்டமாக நிறுத்திவிட்டுத்தான் மீனுக்குப் போகின்றன. தாய் திரும்பி வந்து மேலே நின்று கத்தும். அத்தனை குஞ்சுகளில் ஒன்று மட்டும் பதில் சொல்லும்.

நண்டிடம் யாரும் எதையும் கொடுப்பதில்லை. ஆனாலும் அது ஓய்ந்து உட்காரவில்லை. அந்த நாளுக்கு முன்னால் இப்படி எத்தனை குஞ்சுகளை எடுத்து ஓரமாக வைத்தோமோ, அதற்கு நினைவில்லை. அன்று முதல்தான் கடற்கரை நண்டு அவற்றைத் தேடி ஒரு வளையில் எட்டிப் பார்ப்பதும், பதறி அடுத்த வளைக்கு ஓடுவதுமாக இருக்கிறது.