இரண்டு படைகள் வந்த மலை

மனிதன் முதன்முதலாக விண்ணுக்குப் போய்த் திரும்பிய ஆண்டு அது. ஒரு மத்தியான வெயிலில் மெய்கண்டான், ஆசான் வைரவனின் குடிலுக்கு வந்து சேர்ந்தார். நாற்பத்தாறு வயது, பௌதிகப் பேராசிரியர். மாதம் ஒருமுறை வருகிறவர்தான். அன்று செருப்பைக் கழற்றக்கூடத் தெம்பில்லாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஆசான் கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"தூங்கி எத்தனை நாளாச்சு?"

"ஞாபகம் இல்லை ஐயா."

மேல்வானத்துக் காற்றை அளக்கும் கருவி ஒன்றை மெய்கண்டான் செய்துகொண்டிருந்தார். அதை ஏற்றிப் போக ஒரு வல்லரசு ராக்கெட் தருவதாக இருந்தது. அவரோடு ஒரே அறையில் பத்து வருடம் வேலை பார்த்த வேதரத்தினம் அதே கருவியை வேறு ஊரில் செய்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இன்னொரு வல்லரசு. இரண்டு வருடமாக இருவருக்கும் பேச்சில்லை. அந்தப் பக்கத்தை முந்தியாக வேண்டும் என்று மெய்கண்டானுக்குத் தினம் ஒரு தந்தி வந்தது. அவர் சோதனைகளைச் சுருக்கினார். நேற்றுக் காலை அழுத்தக் கலன் வெடித்து, உதவியாளர் யேசுவடியானுக்கு இரண்டு விரல்கள் போய்விட்டன.

இவ்வளவையும் சொல்லி முடித்தார்.

"எந்தக் கை?" என்று கேட்டார் ஆசான்.

மெய்கண்டான் யோசித்தார். "கட்டுப் போட்டிருந்தாங்க. கவனிக்கலை." பிறகு, "வேதரத்தினம் கருவி அடுத்த செவ்வாய்க்கிழமை பறக்குதாம்" என்றார்.

ஆசான் கடலையைத் தள்ளி வைத்தார்.

"இந்த ஓட்டத்தை யாருங்க ஐயா ஆரம்பிச்சது? அவங்களா, இவங்களா? அது தெரிஞ்சாலாவது மனசு ஆறும்."

"ஆரம்பிச்சப்போ நான் அங்கே இருந்தேன்" என்றார் ஆசான்.

மெய்கண்டான் நிமிர்ந்தார். ஆசான் பட்டாளத்தில் இருந்தவர் என்று கேள்விப்பட்டதுண்டு. அவர் வாயால் அதுவரை ஒரு வார்த்தை வந்ததில்லை.

"ரெண்டாம் உலகப் போர்ல, பாலைவனத்துல பிடிபட்டு ஜெர்மனிக்குக் கொண்டுபோனாங்க. மலையைக் குடைஞ்சு உள்ளே ராக்கெட் தொழிற்சாலை. கைதிங்கதான் கல் உடைச்சோம். பக்கத்துல படுத்தவன் காலையில எழுந்திருக்க மாட்டான். அங்கே செஞ்ச ராக்கெட் எங்கெங்கேயோ ஊர் மேல போய் விழுந்துச்சு."

காற்றில் கடலைத்தோல் பறந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கடைசியில காவல்காரங்க ஓடிட்டாங்க. எனக்குக் கால் முறிஞ்சிருந்தது. மேற்கேயிருந்து ஒரு படை வந்துச்சு. நல்ல மனுஷங்க. ரொட்டி குடுத்தாங்க. ரெண்டு டாக்டர் நிக்க நேரமில்லாம ஓடி ஓடி எங்களைப் பார்த்தாங்க. ஆனா நாங்க நூத்துக்கணக்குல கிடந்தோம். மத்த எல்லாரும் ராக்கெட்டை ரயில்ல ஏத்திக்கிட்டிருந்தாங்க. சண்டைதான் முடிஞ்சுதே, இது எதுக்குன்னு ஒரு அதிகாரியைக் கேட்டேன். 'எதுக்குன்னு எனக்கும் தெரியாது. கிழக்கேயிருந்து வர்றவங்க கையில சிக்கக் கூடாது, அவ்வளவுதான்'னு சொன்னான். நின்னபடியே தூங்கி விழுந்தான், பாவம்."

"அப்புறம்?"

"சில வாரத்துல அவங்க போய், கிழக்குப் படை வந்துச்சு. அந்த அதிகாரியும் தூங்கி நாளாயிருக்கும். தன் ரொட்டியில பாதியை எனக்குப் பிட்டுக் குடுத்தான். நான் படுத்திருந்த இடத்தைத் தேடி வந்ததும் அவன் கேட்டது ஒண்ணுதான். 'முன்னாடி வந்தவங்க என்ன எடுத்துட்டுப் போனாங்க?' சொன்னேன். மிச்சம் கிடந்த ஒவ்வொரு ஆணியையும் பொறுக்கச் சொன்னான். இது எதுக்குன்னு அவனையும் கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

"'எங்களுக்கு இன்னும் தெரியாது. அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்'னு சொன்னான்."

தெருவில் யாரோ மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள்.

"அப்போ முதல்ல வந்தவங்கதான் ஆரம்பிச்சாங்க" என்றார் மெய்கண்டான்.

"அவங்களைக் கேட்டா, பின்னாடி வர்றவங்களுக்குப் பயந்துதான்னு சொல்வாங்க."

"நீங்க எப்படிப் பிழைச்சீங்க?"

"முதல் ரயில் ஏத்தின அன்னைக்கே பக்கத்து ஊர்லேருந்து பத்துப் பன்னிரண்டு பொம்பளைங்க வந்தாங்க. வைக்கோல் ஏத்துற கைவண்டியில எங்களை ஒவ்வொருத்தரா தூக்கிப் போட்டு, மாதாகோவிலுக்குக் கொண்டுபோனாங்க. மேடான பாதை. நாலு நாள் இழுத்தாங்க. எவ்வளவோ பேர் வழியிலேயே செத்தாங்க."

மெய்கண்டான் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனாலும் கேட்டார்.

"அவங்க எந்தப் பக்கத்து ஆளுங்க ஐயா?"

ஆசான் அவரைப் பார்த்தார்.

"தெரியலை. நானும் கேக்கலை, அவங்களும் சொல்லலை. இழுக்கவே மூச்சு பத்தலை அவங்களுக்கு."