பௌர்ணமிக்குப் பேரம் பேசிய கிளிமீன்

ஒரு கடலோரத்தில், பவளப்பாறைகள் வளைத்துக் கட்டிய குளம் ஒன்று இருந்தது. அதன் வாசலுக்கு வெளியே தனியாக ஒரு பாறைக்குழி. புதிதாக எந்த மீன் வந்தாலும் முதலில் அந்தக் குழியில்தான் இருக்க வேண்டும். வந்த அன்று நிலா எப்படி இருந்ததோ, தேய்ந்து வளர்ந்து மறுபடி அப்படியே ஆன பிறகுதான் உள்ளே வரலாம். வாசலைக் காத்தது ஒரு நண்டு. நல்ல நண்டு, ஆனால் பயந்த சுபாவம்.

குளத்தில் ஒரு கிளிமீன் இருந்தது. புயல் தூக்கிப் போட்டு அநாதையாக வந்த மீன் அது. கேட்ட விலைக்கு எதையும் வாங்காது. கணவாய் மீனிடம் பேரம் பேசியே பெரிய குகையை வாங்கியது. மூக்கின் மேல் கோபம். அந்தக் கோபமெல்லாம் ஒரே மகள் செவ்வந்தியிடம் மட்டும் செல்லாது.

ஒரு பௌர்ணமியன்று மஞ்சள் நிறப் பட்டாம்பூச்சி மீன்குஞ்சு ஒன்று வெளிக்குழிக்கு வந்து சேர்ந்தது. வாசலில் நின்று பார்த்த செவ்வந்தி, "அப்பா, அவளோடு விளையாடணும்" என்று அழுதது.

கிளிமீன் நேரே நண்டிடம் போனது.

"ஏன்யா, இந்தக் குஞ்சை எப்போது உள்ளே விடுவாய்?"

"அடுத்த பௌர்ணமிக்கு அண்ணே."

"அமாவாசைக்கு விடு."

"இது விலை இல்லை அண்ணே, குறைப்பதற்கு."

"எல்லாம் விலைதான். அவள் உடம்பில் ஒரு நோய்ப்புள்ளி காட்டு பார்ப்போம்."

"புள்ளி தெரிந்தால் நானே சொல்லிவிடுவேனே. கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொண்டு வரும் நோய்ப்பூச்சிக்காகத்தான் இந்தக் குழி."

'வேண்டாம் போ' என்பதுபோல் கிளிமீன் திரும்பிக் கொஞ்ச தூரம் நீந்தியது. கூப்பிடுவார்கள் என்று அதற்குத் தெரியும். நண்டு கூப்பிடவில்லை.

கிளிமீனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இத்தனை கால் இருந்தும் நேராக நடக்கத் தெரியாதவன் நீ. எனக்குச் சட்டம் சொல்கிறாயா? நாளைக்கே வேறு காவல் வைக்கிறேன்."

நண்டின் கொடுக்கு தாழ்ந்தது. "சரி அண்ணே. மூன்று நாள்."

"ஒரு நாள்."

"...உங்கள் இஷ்டம்."

மறுநாள் குஞ்சுகள் இரண்டும் குகை முழுக்க ஓடி விளையாடின. ஒரு மாதக் காத்திருப்பை ஒரே நாளாகக் குறைத்த கதையைக் கிளிமீன் குளம் முழுக்கச் சொல்லிச் சிரித்தது.

சில நாளில் செவ்வந்தி பாறையில் உடம்பைத் தேய்த்தது. "அரிக்குதுப்பா." துடுப்பில் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். பிறகு செவுளிலும் பரவின. பட்டாம்பூச்சி மீனின் மேலும் அதே புள்ளிகள்.

"எனக்குத் தெரியாது மாமா" என்றது அது. கிளிமீனுக்கு அதைத் திட்ட வாய் வரவில்லை.

செவ்வந்தி மூச்சுக்குத் திணறியது. கிளிமீன் பக்கத்திலேயே இருந்து, மகளின் முகத்துக்கு நேரே புதுத் தண்ணீரைத் துடுப்பால் வீசிக்கொண்டே இருந்தது. செவுள் அசைவு நின்ற பிறகும் வீசிக்கொண்டிருந்தது.

அப்புறம் வாசலுக்குப் போனது.

"நான் கத்தினால் என்ன? நீ ஏன் விட்டாய்?"

நண்டு தலை நிமிரவில்லை. "தப்புத்தான் அண்ணே. நீங்கள் குறைத்துக் கேட்டீர்கள், நான் குறைத்துக் கொடுத்தேன். நாம் இருவரும் பேசி முடித்தது அந்தப் பூச்சிக்குத் தெரியாதே."

 

நீதி: காத்திருக்க வேண்டிய காலத்தைப் பேரம் பேசிக் குறைத்தால், மிச்சத்தை நம் பிள்ளைகள் கொடுக்க நேரும்.