வாய் திறந்த சிறுத்தை

சவரியப்பனுக்கு ஐம்பத்தெட்டு வயது. அவரிடம் தொழில் கற்க வந்த பங்காருசாமிக்கு அறுபத்திரண்டு. குருவைவிடச் சீடன் நாலு வயது மூப்பு என்று மலையடிவாரமே சிரித்தது. இரண்டு பேரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சவரியப்பன் செத்த மிருகங்களைப் பாடம் பண்ணுகிறவர். தோலை உப்பிட்டுப் பதப்படுத்தி, வைக்கோலும் களிமண்ணும் கொண்டு உடம்பு பிடித்து, கண்ணாடிக் கண் பதித்து நிறுத்தினால், கிட்டப் போகக் கால் தயங்கும். வேட்டைக்குப் போகிற பெரிய வீட்டுக்காரர்கள் எல்லாம் ஒரு காலத்தில் அவர் வாசலில்தான் ஜீப்பை நிறுத்துவார்கள். மதராசுக்கு அனுப்பினால் போய்ச் சேருமுன் தோல் வெந்து முடி கொட்டிவிடும். இவர் என்றால் சூடு ஆறுமுன்னே அளவெடுத்துவிடுவார்.

பிறகு வேட்டைக்குத் தடை வந்தது. ஜீப்புகள் வருவது நின்றது. பங்களா வீட்டுப் பங்காருசாமி மட்டும், பூச்சி அரித்த மான்தலைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு வந்தார். சவரியப்பன் சரி பண்ணுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். அப்படியே ஊசி பிடித்தார். நாலு வருசம் ஓடிவிட்டது.

எல்லாவற்றையும் கொண்டுவந்தவர், கூடத்தில் நின்ற சிறுத்தையை மட்டும் கொண்டுவரவே இல்லை.

அதுவும் ஒருநாள் தள்ளுவண்டியில் வந்து இறங்கியது. உயர்நிலைப் பள்ளிக்கூடத்தில் அதை வைக்கக் கேட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை பங்காருசாமி பிள்ளைகள் முன்னால் நின்று, அது தன்மேல் பாய்ந்த கதையைச் சொல்ல வேண்டும். கழுத்துத் தையல் விட்டுப் போயிருந்தது.

"ஆசானே, இதை நான் ஒருத்தனே பாத்துக்கிறேன். நீங்க தொட வேணாம்."

"ஏன், கடிச்சிருமா சின்ன முதலாளி?"

"கேலி பண்ணாதீங்க. என் கை எம்புட்டு வந்திருக்குன்னு பாக்கணும்ல."

"பாருங்க, பாருங்க." சவரியப்பன் ஒரு கரடித் தலையை மடியில் வைத்துக்கொண்டு அதன் காதைத் தைக்கப் போய்விட்டார்.

பங்காருசாமி சிறுத்தையைத் தன் முதுகால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அவருடைய முப்பது வயதில் சுட்டது அது. கொட்டும் தப்புமாக ஊர் அதைக் கம்பில் கட்டித் தூக்கி வந்தது. பங்களா வாசலில் அப்பா நின்றிருந்தார். மகனை ஒருநாளும் மெச்சிப் பேசாத மனுசன். அவர் முகத்தைப் பார்த்ததும் வாய் தானாகச் சொல்லிவிட்டது: "கழுகுப்பாறை மேலருந்து பாஞ்சுச்சுப்பா. நெஞ்சுல குடுத்தேன்."

அப்பா அவர் தோளில் கை வைத்தார். அந்தக் கையின் கனம் இன்னும் தோளில் இருக்கிறது.

நடந்தது வேறு. உச்சி வெயிலில் கன்னிமார் ஓடையில் அது தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. இவரை அது பார்க்கவே இல்லை. இவர் சுட்டது பின்னாலிருந்து.

"பாயுற மாதிரி வைப்பா. வாய் நல்லாத் திறந்து இருக்கணும்" என்று அன்றைக்குச் சவரியப்பனிடம் சொன்னார். "சரிங்க" என்றதோடு சரி, அவர் வேறெதுவும் கேட்கவில்லை. குண்டு பட்ட இடத்தைக் கவனித்திருக்க மாட்டார் என்றே பங்காருசாமி இத்தனை வருசமும் நம்பிக்கொண்டிருந்தார்.

இப்போது பின்கழுத்துத் தையலைப் பிரித்தார். தோலின் உள்பக்கம் குண்டு துளைத்த ஓட்டை. அடியில் ஒட்டுத்தோல் வைத்து, எறும்புக் கால் போலப் பொடிப்பொடியாகத் தையல். வெளியே தெரியாமலிருக்க, சுற்றியிருந்த முடியை ஒவ்வொரு இழையாக இழுத்து மூடியிருந்தது. கவனிக்காத கை செய்கிற வேலை இல்லை அது.

ஊசியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார்.

"ஆசானே, இந்த ஓட்டையைத் தச்சது நீங்கதான?"

"வேற யாரு?"

"அப்போ தெரியும்."

"தெரியும். பாஞ்சு வர்றதுக்குப் பின்கழுத்துலயா குண்டு படும்? கால் விரலிடுக்குல நீலக் களிமண்ணு வேற. கன்னிமார் ஓடையைத் தவிர இந்த மலையில அந்த மண்ணு எங்க இருக்கு?"

பங்காருசாமிக்குக் காது சிவந்தது. "தெரிஞ்சும் பாயுற மாதிரிதான வச்சிருக்கீங்க?"

 சவரியப்பன் கரடித் தலையை இறக்கி வைத்துவிட்டு எழுந்தார். அகலமான ஒரு ஈயச் சட்டியில் தண்ணீர் மொண்டு வந்து, சிறுத்தையின் முகத்துக்கு நேர் கீழே தரையில் வைத்தார்.

"தள்ளி நின்னு பாருங்க."

பங்காருசாமி தள்ளி நின்று பார்த்தார்.

முன்கால் இரண்டும் மடிந்திருந்தன. தோள் எலும்பு மேலே முட்டி நிற்க, கழுத்து தண்ணீருக்கு இறங்கியிருந்தது. வயிறு தளர்ந்து கிடந்தது. வால் சாவகாசமாகத் தரையில் படுத்திருந்தது. பாயப்போகிற உடம்பா இது? அந்த மத்தியானம் திரும்பி வந்தது. வெயில், ஈரப்பாறை வாடை, நாக்கு தண்ணீரைத் தொட்டுத் தொட்டு எடுக்கும் சத்தம்.

இத்தனை வருசமும் அது கூடத்தில் தண்ணீர் குடிக்கக் குனிந்தபடியே நின்றிருக்கிறது. அப்பாவும் அவர் கூட்டிவந்த விருந்தாளிகளும், ஏன் இவரும்கூட, வாயை மட்டும் பார்த்துவிட்டு ஒதுங்கி நடந்திருக்கிறார்கள்.

"அன்னைக்கே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, ஆசானே?"

"சொல்லியிருந்தா தோல் கெட்டாலும் பரவாயில்லைன்னு மதராசுக்கு அனுப்பியிருப்பீங்க, சின்ன முதலாளி. அவங்க உடம்பையும் மாத்தி வச்சிருப்பாங்க."

 காய்ந்து விறைத்த வாயை மூட வேண்டுமானால், முதலில் ஈரத்துணி போட்டு உதட்டை இளக்க வேண்டும். பங்காருசாமி சட்டித் தண்ணீரில் ஒரு துணியை நனைத்துப் பிழிந்து, சிறுத்தையின் உதட்டின்மேல் போட்டார்.